இந்தக் குளிர்காலத்துக்கு எந்தக் குயில்ட், எந்தக் குழு?

அலமாரியின் அடித்தட்டில் ஒரு குயில்டின் மேல்துணி மடித்தபடி கிடக்கிறது. 10 அங்குலக் கட்டங்கள் 48 சேர்ந்தது. அகலத்தில் ஆறு, நீளத்தில் எட்டு, ஆக 60க்கு 80 அங்குலம். எல்லாமே லாக் கேபின் கட்டங்கள்: நடுவில் 2 அங்குலச் சிவப்புச் சதுரம், அதைச் சுற்றி நான்கு சுற்று ஓரங்குலப் பட்டைகள், மூலைவாட்டில் ஒரு பாதி வெளிர்நிறம், மறுபாதி அடர்நிறம். துண்டு சேர்க்கும் வேலையை முடித்து இரண்டு வருடம் ஆகிறது. நடுவே பஞ்சு விரித்து, அடித்துணி கொடுத்து, மூன்றையும் ஒன்றாகத் தைத்தால்தான் அது குயில்ட். அதுவரை அது வெறும் ஒட்டுத்துணி.

மேல்தட்டில், காகித அச்சின்மேல் துணி பொதிந்த அறுகோணங்கள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. பக்கத்திலேயே, 12 விதக் கட்டங்கள் கொண்ட மாதிரிக் குயில்டுக்காக ஆசையோடு எடுத்துவைத்த துணி. இவை போதாதென்று, குழந்தைகளுக்குக் கொடுக்கச் சின்னக் குயில்டுகள் தைத்துத் தருவதாகத் தையல் குழுவில் வாக்கும் கொடுத்திருக்கிறேன். குளிர்காலத்தை 12 வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு ஐந்து மணிநேரம் ஊசி பிடிக்க முடிந்தால் மொத்தம் 60 மணிநேரம். நான்கு வேலைக்கு அது காணாது.

பல வருடங்களாக நான் இந்த முடிவை இரண்டாகப் பிரித்தே எடுத்துவந்தேன். எதைத் தைப்பது என்று வீட்டில் யோசிப்பேன். யாரோடு போய் உட்கார்ந்து தைப்பது என்பதை அழைப்பு வரும்போது பார்த்துக்கொள்வேன். அதனால்தான் இந்த மேல்துணி இரண்டு வருடமாக அலமாரியில் கிடக்கிறது. எந்தக் குயில்டிலும் தனியாளாகச் செய்யத் திணறுகிற இடம் ஒன்று இருக்கும். அந்த இடத்தில் கைகொடுக்கக்கூடிய குழு எது என்று பார்த்துத்தான் வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த முறை இரண்டையும் சேர்த்து எடைபோடுகிறேன்.

குளிர்காலம் மாற்றிப்போடும் சில விஷயங்கள்

முதலாவது வெளிச்சம். பகல் சுருங்கிவிடுவதால் தையலில் பெரும்பகுதி விளக்கடியில்தான் நடக்கும். மஞ்சள் விளக்கில் கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோல் தெரியும். வெளிர்மஞ்சளும் வெள்ளையும் கலந்துபோகும். நிறம் பார்த்து எடுக்கும் வேலையை நடுப்பகலில் ஜன்னலோரம் முடித்துவிட வேண்டும். நிறமெல்லாம் முடிவாகி, ஊசி ஓட வேண்டியது மட்டுமே மிச்சமுள்ள வேலைதான் இரவுக்கு ஏற்றது.

இரண்டாவது, மடியில் விழும் எடை. பஞ்சு வைத்த பெரிய துணியை மடியில் பரப்பிக்கொண்டு மணிக்கணக்கில் உட்காருவது கோடையில் பெரும்பாடு. குளிரில் அதுவே சுகம். தைக்கத் தைக்க முழங்கால் வரை கதகதப்பு ஏறும். பெரிய குயில்டைக் கையால் தைக்க வருடத்தில் வேறு நல்ல காலம் கிடையாது என்றே சொல்வேன்.

விரல்நுனிகளையும் மறந்துவிடக் கூடாது. வறண்ட காற்றில் தோல் வெடிக்கும், வெடிப்பில் நூல் சிக்கும். தைத்து முடித்து, துணியை மடித்து வைத்தபிறகு கைக்கு எண்ணெயோ களிம்போ தடவிக்கொண்டு படுத்தால் மறுநாள் ஊசி பிடிக்க இதமாக இருக்கும்.

பழைய மேல்துணியை முடிப்பது

முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். லாக் கேபினில் ஓரங்குலத்துக்கு ஒரு தையல் மடிப்பு வரும். குறுக்கே நேர்க்கோடாகத் தைத்தால் ஒவ்வோர் அங்குலத்திலும் ஊசி மடிப்பில் முட்டும். கையால் தைப்பவருக்கு அது தீராத தொல்லை. பட்டையின் நடுவோடு, அது போகிற போக்கிலேயே தைத்துப்போனால் மூலைகளைத் தவிர வேறெங்கும் மடிப்பு குறுக்கிடாது. முதல் சுற்றுப் பட்டையின் நடுவில் 3 அங்குலச் சதுரம் ஒன்று, மூன்றாம் சுற்றின் நடுவில் 7 அங்குலச் சதுரம் ஒன்று. 12ம் 28ம் சேர்த்து ஒரு கட்டத்துக்கு 40 அங்குலத் தையல். 48 கட்டத்துக்கு 1,920 அங்குலம். தையல் கோடுகளுக்கு இடையே எங்கும் 3 அங்குலத்துக்குமேல் இடைவெளி விழாது.

என் கை வேகம் மணிக்கு ஏறக்குறைய 40 அங்குலம். அப்படியானால் ஒரு கட்டத்துக்கு ஒரு மணிநேரம், மொத்தம் 48 மணிநேரம். ஓரப்பட்டைக்கு 280 அங்குலம் கையால் மடித்துத் தைக்க வேண்டும். அதற்கு ஆறு மணிநேரம் ஒதுக்கினாலும் இன்னும் ஆறு மிச்சம் இருக்கிறது. ஒரு குளிர்காலத்துக்குள் அடங்குகிற வேலைதான் இது. இந்தக் கணக்கை இரண்டு வருடத்துக்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

மெஷினில் தைத்தால் சீக்கிரம் முடியாதா என்று கேட்கலாம். முடியும், ஆனால் இந்த வடிவத்தை அல்ல. ஒரு கட்டத்துக்கு இரண்டு சதுரம், சதுரத்துக்கு நான்கு மூலை. 48 கட்டத்துக்கு 384 முறை குயில்ட் முழுவதையும் திருப்ப வேண்டும். வீட்டு மெஷினின் கழுத்துக்குள் சுருட்டித் திணித்த 60க்கு 80 அங்குலத் துணியை 384 முறை திருப்பினால் தோள்பட்டை தாங்காது. மெஷின்தான் என்று முடிவெடுப்பவர்கள் மேல்துணியையும் அடித்துணியையும் ஒரே சீராக நகர்த்தும் வாக்கிங் ஃபுட்டைப் பொருத்திக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெல்லிய அலைக்கோடுகளாக ஓட்டலாம். நேர்க்கோட்டில் அரை இழை விலகினாலும் கண்ணில் படும், அலைக்கோட்டில் தெரியாது. மடிப்புகளையும் மெஷின் ஊசி பொருட்படுத்தாது.

குயில்டைச் சட்டத்தில் மாட்டித் தைக்கும் நீளக் கழுத்துள்ள லாங்ஆர்ம் மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுத்துத் தைத்து வாங்குவது இன்னொரு வழி. வீட்டில் மேல்துணிகள் குவிந்திருப்பவர்களுக்கு நான் தயங்காமல் இதைச் சொல்வேன். குவியல் குறைந்தால் மனம் லேசாகும். என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. இதை என் கையால்தான் முடிக்க வேண்டும் என்றிருக்கிறது.

நடுப்பஞ்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கைத்தையல் இனிக்கிறதா கசக்கிறதா என்பது பாதி இதில் இருக்கிறது. பருத்திப் பஞ்சு தட்டையாகப் படியும். துவைத்தால் பொதுவாக 3 முதல் 5 சதவீதம் சுருங்கி, பழைய குயில்டுகளில் காணும் அந்த மெல்லிய சுருக்கங்களைத் தரும். ஆனால் ஊசிக்கு அது கொஞ்சம் கடினம். அதிலும் பஞ்சு பிரியாதிருக்க மெல்லிய வலை சேர்த்து அழுத்திய வகை மெஷினுக்கு நல்லது. கை ஊசிக்கு அது சுவர்போல் நிற்கும். பாலியஸ்டரில் ஊசி எளிதாக இறங்கும், உப்பலாகவும் இருக்கும். அடர்நிறத் துணியில் அதன் இழைகள் வெளியே நீட்டிக்கொண்டு வெள்ளை வெள்ளையாகத் தெரியக்கூடும். கம்பளிப் பஞ்சுக்குள் ஊசி வெண்ணெயில் போவதுபோல் போகும்; எடை குறைவு, சூடு அதிகம்; பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கையால் தைக்கப் போகிறேன், அதுவும் குளிரில், என்பதால் எனக்குக் கம்பளிதான். எந்தப் பஞ்சை எடுத்தாலும், தையலுக்குத் தையல் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று உறையில் அச்சிட்டிருக்கும். அதைப் படிக்காமல் தைத்துவிட்டு, நான்கு தடவை துவைத்தபின் பஞ்சு திரண்டுவிட்டது என்று வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வேலையில் நான் தனியாகத் திணறும் இடம் ஒன்றே ஒன்றுதான். மூன்று அடுக்கையும் விரித்து, சுருக்கம் இல்லாமல் தற்காலிகத் தையல் போட்டுச் சேர்ப்பது. அடித்துணி நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். அதாவது 68க்கு 88. ஊக்கு குத்துவதானால் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று வீதம் சுமார் 300 ஊக்குகள் தேவைப்படும். துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தில் மாட்டிக் கையால் தைப்பவருக்கு ஊக்குகள் இடைஞ்சல், நூல்தான் வசதி. நூலானால் 4 அங்குலக் கட்டமாக நெட்டும் குறுக்குமாக ஏறக்குறைய 200 அடி. முழங்காலில் தவழ்ந்து தனியாளாகச் செய்தால் ஒரு நாள் போய்விடும், இடுப்பும் போய்விடும்.

அறுகோணங்கள்

கையடக்கமான வேலை, அழகான வேலை. காகித அச்சின்மேல் துணியை மடித்துப் பொதிந்து, விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பொடித்தையல் போடும் முறை மிகப் பழையது. பிரிட்டனில் 1718 என்ற ஆண்டு பொறித்த பட்டு ஒட்டுத்துணி விரிப்பு ஒன்று இருக்கிறது. அதில் வைத்துத் தைத்த காகித அச்சுகள் இன்னும் உள்ளேயே இருக்கின்றன. யாரோ மடித்த காகிதம் 300 ஆண்டு கடந்தும் துணிக்குள் இருக்கிறது என்று நினைக்கும்போது எனக்குச் சிலிர்க்கும்.

ஆனால் கணக்கு இங்கேயும் பேசும். பக்கத்துக்கு ஓரங்குலம் உள்ள அறுகோணம் ஏறக்குறைய 2.6 சதுர அங்குல இடத்தைத்தான் மூடும். 60க்கு 80 அளவுக்குக் கிட்டத்தட்ட 1,850 அறுகோணங்கள் வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு அறுகோணங்கள் பகிர்ந்துகொள்வதால் ஒன்றுக்குச் சராசரி மூன்று இணைப்பு. மொத்தம் ஐயாயிரத்துக்கு மேல். பொதிவதும் இணைப்பதுமாக ஒன்றுக்கு 12 நிமிடம் என்றால் ஒரு குளிர்காலத்தில் 300 முடியும். முழுக் குயில்டுக்கு ஆறு குளிர்காலம்! 16 அங்குலத் தலையணை உறை ஒன்றுக்கு, ஓரத்தில் வெட்டுப்படுவதையும் சேர்த்து, 120 போதும், 24 மணிநேரம். அறுகோணத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் தலையணை உறை என்று மனதில் வைத்துத் தொடங்குவது நல்லது. கை பழகியபின் அது போர்வையாக வளர்ந்தால் வளரட்டும்.

இதில் தனியாகத் திணறும் இடம் எதுவும் இல்லை. ஊசி, நூல், கத்தரிக்கோல், ஒரு டப்பா. எந்தக் குழுவுக்கும் எடுத்துப்போகலாம், பேசிக்கொண்டே தைக்கலாம். அதனாலேயே நான் இதை முதன்மை வேலையாக வைக்கவில்லை. கூடி உட்காரும் பொழுதை, கூடினால்தான் நடக்கும் வேலைக்குக் கொடுக்க விரும்புகிறேன்.

12 கட்ட மாதிரிக் குயில்ட்

புதிதாகக் கற்றுக்கொள்ளத் துடிப்பவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. ஒவ்வொரு கட்டமும் ஒரு பாடம்: முக்கோணங்களைச் சேர்த்துச் சதுரமாக்குவது, பறவைக் கூட்டம்போல் வரிசை வைக்கும் ஃப்ளையிங் கீஸ், காகிதத்தின்மேல் தைத்துக் கூர்முனை எடுப்பது. எனக்கு இந்த வருடம் இது ஒத்துவராது. வெட்டுப் பலகை, உருட்டி வெட்டும் வட்டக் கத்தியான ரோட்டரி கட்டர், இஸ்திரிப்பெட்டி, மெஷின் எல்லாம் ஒரே நேரத்தில் கைக்கெட்ட இருக்க வேண்டும். கட்டத்துக்குக் கட்டம் நிறத்தையும் புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். விளக்கடியில் எடுத்த நிறங்களைப் பகலில் பார்த்துப் பிரித்துத் தைத்த அனுபவம் எனக்கு உண்டு.

கொடுப்பதற்காகத் தைக்கும் சின்னக் குயில்டுகள்

5 அங்குலச் சதுரங்கள் 81 எடுத்து ஒன்பதுக்கு ஒன்பதாகச் சேர்த்தால் 40 அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான ஒரு குயில்ட் வரும். மெஷினில் ஓட்டினால் பத்துப் பன்னிரண்டு மணிநேர வேலை. யாருக்குக் கொடுக்கிறோம் என்பதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். 12 மாதம் நிறையாத குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வையோ குயில்டோ இருக்கக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. அந்த வயதுக்குக் கொடுத்தால், தரையில் விரித்துத் தவழவிடும் விரிப்பாகப் பயன்படுத்தச் சொல்லிச் சிறு குறிப்பு வைத்துக் கொடுங்கள்.

இந்த வேலையை வீட்டில் தனியாகவும் செய்யலாம், ஆனால் கூடிச் செய்தால் அதன் வேகமே வேறு. ஒருவர் வெட்ட, இருவர் தைக்க, ஒருவர் இஸ்திரி போட, ஒரே நாளில் இரண்டு மேல்துணி எழுந்துவிடும். நிபந்தனை ஒன்று உண்டு: தையல் ஓரத்துக்கு விடும் கால் அங்குலம் எல்லோருக்கும் ஒரே கால் அங்குலமாக இருக்க வேண்டும். தையல் ஓரத்தில் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடுதலாகப் பிடித்தால், ஒரு தையலில் இரண்டு பக்கமும் சேர்ந்து அரைக்கால் அங்குலம் போகும். ஒன்பது சதுரம் சேரும் வரிசையில் எட்டுத் தையல், ஒரு முழு அங்குலம் காணாமல் போகும். அவருடைய வரிசையும் இவருடைய வரிசையும் பொருந்தாது. பலர் கூடிச் செய்யும் பெரிய வேலைகள் அளவைக் கறாராக வைத்திருப்பது இதனால்தான். எய்ட்ஸில் இறந்தவர்களின் நினைவாக அமெரிக்காவில் 1987இல் தொடங்கிய நினைவுக் குயில்டில் ஒவ்வொரு துண்டும் 3 அடிக்கு 6 அடி. எட்டுத் துண்டு சேர்ந்தால் 12 அடிச் சதுரம். துண்டுக்குள் துயரத்தை யார் எப்படி வேண்டுமானாலும் தைக்கலாம். வெளி அளவு மட்டும் மாறாது. முன்பின் அறியாதவர்களின் கைவேலை பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்தது அந்த அளவினால்தான்.

எந்தக் குழு

எனக்கு முன்னால் மூன்று வாசல்கள் இருக்கின்றன.

மாதக் குழு பெரியது. மண்டபம், நீள மேசைகள், நாற்பது ஐம்பது பேர். முதல் பாதியில் யாராவது ஒரு முறையை விளக்குவார்கள். பிறகு முடித்த குயில்டுகளை ஒவ்வொருவராக எழுந்து விரித்துக் காட்டுவார்கள். அது எனக்கு மிகவும் பிடித்த நேரம். இரண்டு பேர் முனைகளைப் பிடித்துத் தூக்க, பின்னால் நிற்பவரின் முகம் மறைந்து குயில்ட் மட்டும் எழுந்து நிற்கும்; மண்டபம் ஒரு கணம் அமைதியாகும். உற்சாகம் வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். ஆனால் அங்கே தையல் நடப்பது குறைவு. ஒரு மாத இடைவெளியில், நடுவில் மாட்டிக்கொள்ளும் சந்தேகங்களுக்குப் பதிலும் கிடைக்காது.

வாரக் குழு ஆறு பேர். யாராவது ஒருவர் வீட்டு முன்னறை, ஆறு நாற்காலி, இரண்டு விளக்கு. பெரிய மேசை கிடையாது. மெஷின் கொண்டுவந்தால் சத்தத்தில் பேச்சு நின்றுவிடும், அதனால் எல்லோரும் கைவேலைதான். நான் கைத்தையலைக் கற்றது அங்கேதான். முதல் வாரம் வளையத்தில் துணியை முரசுத் தோல்போல் இறுக்கிக்கொண்டு, ஊசியை மேலிருந்து குத்தி, கீழிருந்து இழுத்து, ஒவ்வொரு தையலாகப் போராடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த மூத்தவர் என் வளையத்தின் திருகைத் தளர்த்தினார். "இல்லைம்மா, ஊசியை விரட்டாதே. அது நிற்கட்டும், துணியை அதன்மேல் ஏற்று" என்றார். விரற்கூட்டின் குழியில் ஊசியின் பின்முனையை நிறுத்தி, கீழே இருக்கும் கையின் விரலால் துணியைச் சின்ன மேடாக உயர்த்தி, ஊசியைச் சாய்த்து, நிமிர்த்தி, மறுபடி சாய்த்தார். மூன்று தையல், நான்கு தையல் ஊசியிலேயே ஏறி நின்றன. பிறகு ஒரே இழுப்பு. என் கீழ்விரலைத் தொட்டுப் பார்த்து, "இங்கே ஊசிமுனை லேசாகத் தட்டினால் சரி. தட்டவில்லையென்றால் அடித்துணியில் தையல் விழவில்லை என்று அர்த்தம்" என்றார். விரலோடு விரல் வைத்துச் சொல்லித்தரும் இந்தப் பாடம் மண்டபத்தில் 50 பேருக்கு நடுவில் கிடைக்காது. கேமரா முன்னால் உட்கார்ந்து இணையத்தில் கூடும்போதும் கிடைக்காது. பேச்சுத்துணைக்கு அது நல்லதுதான், ஆனால் அதில் நிறமும் ஏமாற்றும்.

மூன்றாவது, இரண்டு மூன்று நாள் தங்கித் தைக்கும் முகாம். வீட்டுவேலை இல்லை, அழைப்புமணி இல்லை, காலையில் விட்ட இடத்திலேயே மாலையிலும் தொடரலாம். மெஷினில் துண்டு சேர்ப்பவர்களுக்கு இது வரம். மூன்று மாத வேலையை மூன்று நாளில் முடித்துவிட்டு வருவார்கள். கடமையாகச் சொல்ல வேண்டிய ஒன்று: நான்கைந்து இஸ்திரிப்பெட்டிகளை ஒரே மின்சுற்றில் செருகினால் மின்சாரம் போகும், எல்லா மெஷினும் ஒன்றாக நிற்கும். எந்தப் பெட்டிக்கு எந்தச் சுவர் என்று முதல் நாள் காலையிலேயே பேசிவைப்பது நல்லது.

சென்ற குளிர்காலத்தில் நான் இந்த மேல்துணியை அப்படி ஒரு முகாமுக்குத்தான் எடுத்துப் போனேன். பெரிய இடம், பெரிய மேசைகள், எப்படியும் விரித்துவிடலாம் என்று நம்பினேன். போய்ப் பார்த்தால் எல்லா மேசையிலும் மெஷின்கள். அவரவர் வேலையில் மும்முரமாக இருந்தார்கள். எழுப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. நடைகூடத் தரையில் விரித்து, தனியாகவே நூலோட்டினேன். அடித்துணியைத் தரையில் இழுத்து ஒட்டாததால் எங்கோ ஒரு மடிப்பு விழுந்திருக்கிறது. ஐந்து கட்டம் தைத்து முடித்தபின்தான் திருப்பிப் பார்த்தேன். விரல் நீளத்துக்கு ஒரு மடிப்பு, அதன்மேல் என் தையல் நேராக ஓடியிருந்தது. எல்லாவற்றையும் பிரித்தேன். குறை முகாமில் இல்லை. துண்டு சேர்க்கக் கூடியவர்கள் நடுவில் அடுக்கு விரிக்கும் வேலையை நான் கொண்டுபோனதுதான் பிழை.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பெண்கள் இதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருந்தார்கள். மேல்துணியை அவரவர் வீட்டில், கிடைத்த நேரத்தில் தைத்து வைப்பார்கள். பிறகு அதைப் பெரிய மரச்சட்டத்தில் கட்டி, அக்கம்பக்கத்தாரை அழைத்து, சுற்றி உட்கார்ந்து மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பார்கள். குயில்டிங் பீ என்று அதற்குப் பெயர். தனிமைக்கு உரியது எது, கூட்டத்துக்கு உரியது எது என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை.

சேர்த்துப் பார்க்கும்போது

மாதக் குழுவில் மேசைகள் இருக்கின்றன, கைகள் இருக்கின்றன. பேச்சு முடிந்தபின் இரண்டு மணிநேரம் மண்டபம் நம்முடையது. வாரக் குழுவில் விளக்கு இருக்கிறது, கைத்தையல் அறிந்த விரல்கள் இருக்கின்றன. என் லாக் கேபினுக்கு இந்த இரண்டும் போதும், முகாம் வேண்டாம். குளிர்காலத்தின் முதல் மாதக் கூட்டத்தில் நான்கு பேரைக் கேட்டு அடுக்கு விரித்து நூலோட்டிவிட வேண்டும், பிறகு வாரக் குழுவில் வாரத்துக்கு இரண்டு கட்டம், வீட்டில் இரண்டு கட்டம். இதுதான் என் முடிவு. ஒரு குயில்ட் வாக்குக் கொடுத்தபடி குழந்தைகளுக்குப் போக வேண்டுமே என்றால், எனக்கு அடுக்கு விரித்துத் தரும் நால்வரில் இருவர் அந்தக் குயில்டுகளைத்தான் தைக்கிறார்கள். அவர்களுடைய 81 சதுரங்களை வெட்டிக் கொடுக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன். பகல் வெளிச்சத்தில் ஒரே அமர்வில் முடிகிற வேலை அது.

உங்கள் நிலை வேறாக இருக்கலாம். பக்கத்தில் மாதக் குழு மட்டும்தான் உண்டு, வீட்டில் மெஷின் இருக்கிறது என்றால் கொடுப்பதற்கான சின்னக் குயில்டுகள். சந்தேகங்கள் குறைவு, அடுத்த மாதம் எழுந்து விரித்துக் காட்டவும் ஏதாவது இருக்கும். வாரக் குழு மட்டும் உண்டு, பெரிய மேசைக்கு வழியே இல்லை என்றால் அறுகோணம். முகாமுக்குப் பெயர் கொடுத்துவிட்டீர்கள் என்றால் மாதிரிக் குயில்ட். ஆனால் துணியை முன்கூட்டியே பகலில் தேர்ந்தெடுத்து, வெட்டி, கட்டத்துக்கு ஒரு பையாகப் போட்டு எடுத்துப் போங்கள். மேசைகளை வெட்டுவதிலேயே அடைத்து நிற்பவர்களால்தான் முகாம்களில் மனத்தாங்கல் வருகிறது.

குழுவே கிடைக்காதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, அதைக் குறைவாக எண்ண வேண்டாம். கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற குயில்டில் அடுக்கு விரித்து நூலோட்டும் வேலை தனியாகக் கிடையாது. ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி வைத்து, எல்லா அடுக்கையும் சேர்த்தே ஓட்டுத் தையல் போட்டபடி, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். மேல்துணி சேர்வதும் குயில்ட் ஆவதும் ஒரே தையலில். சட்டம் வேண்டாம், மேசை வேண்டாம், துணைக்கு ஆளும் வேண்டாம். தனியாக இருப்பவர் ஒரு குளிர்காலத்தில் கையில் எடுக்க இதைவிடப் பொருத்தமான முறையை நான் அறியவில்லை. வெளியோரம் முதலிலேயே முடிந்துவிடுவதால் கடைசியில் ஓரப்பட்டை தைக்கும் வேலையும் மிச்சம்.

என் முதல் கூட்டத்துக்கு வருகிறேன். கம்பளிப் பஞ்சை முந்தின நாளே உறையிலிருந்து எடுத்துப் படுக்கையில் பரப்பிவிட வேண்டும், மடிப்புத் தடங்கள் தானாகத் தளரும். சிவப்புத் துணியின் துண்டு ஒன்றை ஈர வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தேன், இளஞ்சிவப்பாக லேசாக இறங்கியது. ஆகவே குயில்ட் முடிந்தாலும் குளிரில் துவைக்கப் போவதில்லை. ஈரம் நெடுநேரம் நின்றால் சாயம் வெளிர்ப் பட்டைகளுக்குப் பரவும். வெயில் ஏறும்வரை பொறுத்து, ஒரே நாளில் துவைத்து ஒரே நாளில் உலர்த்த வேண்டும்.

அடித்துணியைக் கவிழ்த்து விரித்து, ஓரங்களை மேசையோடு ஒட்டும்நாடாவால் ஒட்ட வேண்டும். சுருக்கம் நீங்கும் அளவுக்கு மட்டும் இழுக்க வேண்டும், அதற்குமேல் இழுத்தால் நாடாவைப் பிரித்ததும் துணி சுருண்டுகொள்ளும். அதன்மேல் பஞ்சு, அதன்மேல் மேல்துணி, நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தடவி. நான்கு பேர் நான்கு பக்கம் நின்று, நடுவிலிருந்து தங்கள் பக்கம் நோக்கி வெள்ளை நூலால் நீளத் தையல் போடுவார்கள். முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து தூக்கிப் பிடிக்க, நான் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். சென்ற முறை நான் விட்டது இதைத்தான்.

அந்த வாரமே முதல் தையல். 48 கட்டங்களின் சரியான மையத்தில் நான்கு கட்டங்களின் வெளிர் பாதிகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பெரிய வைரம்போல் நிற்கின்றன. தொடங்க வேண்டியது அங்கே. நூலைத் தேன்மெழுகில் ஒரு முறை இழுத்து, நுனியில் ஒரு முடிச்சு போட்டு, ஊசியைச் சற்றுத் தள்ளிக் குத்தி, பட்டையின் நடுவில் எடுத்துச் சுண்டி இழுத்தால், 'டக்' என்று முடிச்சு மேல்துணியைத் தாண்டிப் பஞ்சுக்குள் இறங்கும். வாரக் குழுவில் அந்தச் சத்தம் கேட்டால் அந்த மூத்தவர் தன் தையலிலிருந்து தலை நிமிர்வார். குயில்டின் மறுபாதி அவர் மடியிலும் விழுமாறு பக்கத்து நாற்காலியில்தான் உட்காரப் போகிறேன்.